விடியற்காலையும் வெறும் வயிறும்

பெரம்பலூரிலுள்ள கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிப்பவன் நான். குடியிருப்பதோ அரியலூரில். நாள்தோறும் காலை எட்டு மணிக்குப் பேருந்தேறி, சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் சுமந்து செல்லும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, முதல் மணி அடிக்கும் முன் வகுப்பறையை அடைந்துவிடுவேன். முதல் பாடவேளை பெரும்பாலும் என்னுடையதாகவே அமைந்துவிடும். அந்நேரத்தில் மேசைமீது தலை சாய்க்கும் மாணவர்களை நான் கண்டித்த தடவைகளுக்குக் கணக்கே இல்லை. "இரவெல்லாம் கைப்பேசி, பகலெல்லாம் தூக்கம்" என்பது என் வாயில் ஊறிப்போன வசனம். அவ்வசனத்தை நான் கைவிட நேர்ந்த கதையை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சென்ற ஆண்டு, கல்லூரி திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கேட்ட வினாவுக்கு விடை சொல்ல எழுந்தாள். வாய் திறந்தவள் சொல்ல வந்ததைச் சொல்லாமல், பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மறு நொடியே சரிந்து விழுந்தாள். தோழியர் தாங்கிப் பிடித்து முகத்தில் நீர் தெளித்தனர். கண் திறந்தவளிடம், "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்றேன்.

"டீ குடிச்சேன் சார்."

"நேற்று இரவு?"

"ஏழு மணிக்குச் சோறு சாப்பிட்டேன் சார்."

அப்போது மணி பத்து. பதினைந்து மணி நேரமாக அந்தப் பிள்ளையின் வயிற்றில் ஒரு குவளைத் தேநீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

பிறகு மெல்ல மெல்ல அவள் வீட்டு நிலைமை தெரிய வந்தது. தாய் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுப்பதற்கும், பருவம் வந்தால் பருத்தி எடுப்பதற்கும் விடிந்தும் விடியாமலும் போய்விடுவாள். தந்தை திருப்பூரில் வேலை செய்கிறார். ஏழு மணிப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது ஒன்பதுக்கு மேல்தான். அதற்குள் தண்ணீர் பிடித்து, வாசல் பெருக்கி, நான்காம் வகுப்புப் படிக்கும் தம்பியை எழுப்பிக் குளிக்கச் செய்து புறப்பட வேண்டும். "தம்பிக்கு?" என்று கேட்டேன். அவள் சற்றே முகம் மலர்ந்து சொன்னாள்: "அவனுக்குப் பள்ளிக்கூடத்துலயே காலைச் சாப்பாடு போட்டுடறாங்க சார். அதனால இப்ப எங்க வீட்டுல காலையில அடுப்பே பத்த வைக்கிறதில்ல."

அந்தச் சொல் என்னை நாள் முழுதும் தொடர்ந்தது. தம்பிக்குச் சோறு கிடைத்த மகிழ்ச்சியில், தன் பசியை அவள் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

மறுநாள் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தேன். "இன்று காலை என்ன உண்டீர்கள்? பெயர் எழுத வேண்டா. உண்மையை மட்டும் எழுதுங்கள்" என்றேன். "டீ", "டீயும் இரண்டு பிஸ்கட்டும்", "பஸ் ஸ்டாண்டில் ஒரு வடை", "ஒன்றும் இல்லை" என்பனவே மிகுதி. "மத்தியானம் சேர்த்துச் சாப்பிடுவேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இட்லி, தோசை உண்டவர்கள் பெரும்பாலும் நகரிலேயே குடியிருப்பவர்கள். ஒரு தாளில் மட்டும் "பழைய சோறு" என்று எழுதி, அடித்து, அதன்மேல் "தோசை" என்று திருத்தியிருந்தது. அந்தத் தாளைத் தனியே எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இரவு உணவுக்குப் பின் அத்தாள்களை வீட்டில் விரித்து வைத்துக்கொண்டு மனைவியிடம் வருத்தப்பட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்: "ஊரார் பிள்ளைகளையெல்லாம் கேட்டுவிட்டீர்கள். நம் பிள்ளை காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?"

எங்கள் மகள் திருச்சியில் படிக்கிறாள். இருப்புப்பாதை எட்டாத பெரம்பலூரைப் போலன்றி, அரியலூர் விழுப்புரம்–திருச்சி தடத்தில் இருப்பதால், காலை ரயிலில் செல்லும் மாணவ மாணவியர் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. நான் சவரம் செய்து முடிக்கும் முன்பே அவள் புறப்பட்டுவிடுவாள். தாய் இரண்டு டப்பா கட்டிக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று காலைக்கு, மற்றொன்று மதியத்துக்கு. ஆகவே கவலை ஏதுமில்லை என்றிருந்தேன். அவளை அழைத்துக் கேட்டேன்.

"ரயிலில் நிற்கவே இடம் இருக்காதுப்பா. டப்பாவை எப்படித் திறப்பது? கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தால் மணி அடித்துவிடும். இரண்டையும் மத்தியானமே சாப்பிட்டுவிடுவேன்."

"எத்தனை நாளாக அம்மா?"

"முதல் வருடத்திலிருந்தே."

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, அவள் ரயிலில் வெறும் வயிற்றோடு கம்பியைப் பிடித்து நின்ற அதே நேரத்தில்தான், நான் மேசைமுன் அமர்ந்து சூடான இட்லியைச் சட்னியில் தோய்த்து உண்டிருக்கிறேன். பரிமாறிய என் மனைவியோ நான் புறப்பட்ட பிறகு, எஞ்சியதை நின்றபடியே உண்டிருக்கிறாள். நம் இல்லங்களில் எவர் முதலில் உண்பது, எவர் கடைசியில் உண்பது என்பதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆயினும் அது பிசகாமல் நடந்து வருகிறது. பிறர் பிள்ளைகளைக் குறித்து வருந்தத் தொடங்கிய நான், அன்றிரவு என் வீட்டுச் சமையலறையின் முன் வெட்கி நின்றேன்.

இது ஏதோ இரண்டு வீடுகளின் கதையன்று. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். கருவுறாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது என்பது மருத்துவ அளவு. மயங்கி விழுந்த மாணவியின் கீழிமையை விலக்கிப் பார்த்த செவிலியர், வெளுத்திருந்த அதன் நிறத்தைக் கண்டே தலையை அசைத்தார். சோதனையில் எட்டரைதான் இருந்தது.

காலை உணவின் செய்தி எளியது. நம் உடல் எடையில் மூளை ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இரவில் நாம் உறங்கும்போது கல்லீரல் தான் சேமித்து வைத்த சர்க்கரையைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விட்டு மூளைக்கு ஊட்டுகிறது. விடியும்போது அச்சேமிப்பு பெரிதும் கரைந்திருக்கும். நன்கு ஊட்டம் பெற்ற உடல், வேறு வழிகளில் ஈடுகட்டி ஒரு வேளையைத் தாங்கிக்கொள்ளும். மெலிந்த உடலும் வெளுத்த இரத்தமும் கொண்ட பிள்ளை, விடியலில் எழுந்து வேலையும் செய்து, பேருந்தில் நின்றுகொண்டும் வந்தால் எங்ஙனம் தாங்கும்? அதன் கண்கள் சொருகினால் அது சோம்பலாகுமா?

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சுட்டவேண்டும். "சாப்பிடாமல் போனால் குடலில் புண் வந்துவிடும்" என்று தாய்மார் அச்சுறுத்துவதுண்டு. இரைப்பைப் புண்ணுக்குப் பெருங்காரணம் ஒரு நுண்ணுயிரி என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் இருவர் கண்டறிந்து, 2005ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார்கள். மற்றொரு பெருங்காரணம் வலி மாத்திரைகள். நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது காரணமே நெருங்கிய ஆபத்து. பசியால் தலை வலிக்கிறது. பசி என்று அறியாமல், கைப்பையிலுள்ள மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குகிறார்கள். நாள்தோறும் இப்படி நடந்தால் விளைவு என்னவாகும்? அதுபோலவே தேநீரும். அது பசியை மழுக்குமேயன்றி ஆற்றாது. உணவோடு சேர்த்துக் குடித்தால், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும். உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதே நலம்.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழகம் பிறர் சொல்லி அறியவில்லை. 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கியது. 1956இல் காமராசர் அதனை மாநிலத் திட்டமாக்கினார். 1982 ஜூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது திருச்சி மாவட்டப் பாப்பாக்குறிச்சியில். அன்று பெரம்பலூரும் அரியலூரும் அம்மாவட்டத்துக்குள்ளேதான் இருந்தன. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. 2023இல் அது அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024இல் ஊர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டபோது, தொடக்கவிழா நிகழ்ந்தது மயிலாப்பூர்ப் புனித சூசையப்பர் பள்ளியில். பங்குப் பள்ளிகளில் பொங்கலும் கிச்சடியும் உண்ணும் குழந்தைகளைக் காண மனம் குளிர்கிறது.

ஆனால் அந்தத் தட்டு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கல்லூரிப் பிள்ளைக்கு வேறு உதவிகள் வந்துள்ளன. மகளிர்க்கு 2021 முதல் நகரப் பேருந்தில் கட்டணமில்லை. 2022 முதல் மாணவியர்க்கும், 2024 முதல் மாணவர்க்கும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் எத்தனையோ பிள்ளைகளை இவை கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. எனினும் மயங்கி விழுந்த அந்தப் பெண்ணின் ஆயிரம் ரூபாய், தாயின் சுய உதவிக் குழுக் கடன் தவணைக்குப் போய்விடுகிறது. பேருந்து அவளைக் கல்லூரிக்குக் கொண்டுவருகிறது. அவள் வயிறு மட்டும் ஊரிலேயே நின்றுவிடுகிறது.

இனி, என் சட்டைப்பையிலிருந்த துண்டுத்தாளுக்கு வருகிறேன். "பழைய சோறு" என்று எழுதி அடித்துத் திருத்திய கை யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை. அந்தக் கையை நான் அறிவேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அது என் கையாகவே இருந்தது. எங்கள் கிராமத்தில் இட்லி என்பது கிறிஸ்துமசுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் உரியது. மற்ற நாளெல்லாம் கம்பங்கூழோ வரகுச் சோறோ, மண்பானையில் நீரூற்றி வைத்த பழைய சோறோதான். கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது நகரத்துப் பிள்ளைகள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்கள். கூசாமல் "இட்லி" என்றேன். என்னை வளர்த்த சோற்றை அன்று நான் மறுதலித்தேன்.

உண்மையில் அந்தச் சோற்றைப் போல் விடியற்காலைக்கு ஏற்ற உணவு வேறெது? இரவே ஆயத்தமாகிவிடுகிறது. காலையில் அடுப்பு வேண்டா, தாயின் தூக்கமும் கெட வேண்டா. தூய நீரில் இரவெல்லாம் ஊறும்போது, பாலைத் தயிராக்கும் இனத்து நன்னுண்ணுயிர்கள் அதில் பெருகி மெல்லிய புளிப்பைத் தருகின்றன. மோரூற்றி உப்பிட்டு, நம் பெரம்பலூர் மண்ணின் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் போதும். சோறு மட்டுமே எல்லாச் சத்தையும் தந்துவிடாது என்பது உண்மையே. ஒரு பிடி வேகவைத்த நிலக்கடலையோ, ஓர் அவித்த முட்டையோ, முதல்நாள் இரவு வைத்த முருங்கைக்கீரைப் பொரியலோ சேர்த்துக்கொள்ளலாம். ஒரு துண்டு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால், கீரையின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். இவற்றுள் எதுவும் நம் வீடுகளுக்கு எட்டாத பொருளன்று. எட்டாமல் தடுப்பது கூச்சம் ஒன்றே.

அந்தக் கூச்சத்தை வாயால் போதித்துப் போக்க முடியாது என்று எனக்குப் பட்டது. மறுவாரத் திங்களன்று வீட்டில் உண்ணாமல், ஒரு சிறு தூக்குவாளியில் மோர் கலந்த பழைய சோற்றையும், தாளில் பொதிந்த வெங்காயத்தையும் எடுத்துச் சென்றேன். வகுப்பில் நுழைந்ததும், "முதல் பத்து நிமிடம் பாடமில்லை. டப்பா வைத்திருப்பவர்கள் திறக்கலாம். நானும் இன்னும் சாப்பிடவில்லை" என்று சொல்லி மேசைமேல் தூக்கைத் திறந்தேன். வகுப்பு அதிர்ந்து போயிற்று. பின்வரிசையில் ஒரு சிரிப்பொலி எழுந்து அடங்கியது. நான் குனிந்து உண்டுகொண்டிருந்தேன். முதலில் ஒரு டப்பா திறக்கும் ஓசை கேட்டது. பிறகு இன்னொன்று. தலை நிமிர்ந்தபோது, வெங்காய மணம் என் மேசையிலிருந்து மட்டும் வரவில்லை என்று உணர்ந்தேன்.

அன்று முதல் அந்தப் பத்து நிமிடம் எங்கள் வகுப்பில் வழக்கமாயிற்று. பாடம் பின்தங்கவில்லை. முன்பு நாற்பது நிமிடம் அரைத்தூக்கத்தில் கேட்டவர்கள், இப்போது முப்பது நிமிடம் விழித்துக் கேட்கிறார்கள். ஒன்றும் கொண்டுவர இயலாதவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்து டப்பாவின் மூடி தட்டாகிறது. அரசு மருத்துவமனையில் இரும்புச்சத்து மாத்திரை பெற்றுவரும் அந்த மாணவி, இப்போது இரவிலேயே கம்பு மாவைக் கரைத்துக் காய்ச்சி வைத்துவிட்டு, காலையில் புட்டியில் ஊற்றி எடுத்துவருகிறாள். அடுத்த சோதனையில் பத்தைத் தொட்டிருந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் தொலைவு உண்டு.

பசியைத் தாங்குவதும் ஒரு தவமன்றோ என்று நம்மவர் சிலர் நினைக்கலாம். என் பாட்டி சொல்வாள்: அந்நாளில் நற்கருணை வாங்குவோர் நள்ளிரவு முதல் ஒரு வாய் நீரும் அருந்தலாகாது. பூசை முடிந்து வந்துதான் கஞ்சி. 1953இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் நீரருந்த இசைவளித்தார். 1957இல் அவரே நோன்பை மூன்று மணி நேரமாக்கினார். 1964இல் ஆறாம் சின்னப்பர் அதனை ஒரு மணியாகக் குறைத்தார். நோயாளிக்கும் முதியோர்க்கும் திருச்சபை விலக்குத் தந்துள்ளது. நோன்பு என்பது உண்ண இருந்தும் அன்பினால் விடுவது. உண்ண இல்லாமலோ நேரமில்லாமலோ வாடுவது நோன்பன்று, குறைவு. முன்னதைப் போற்றுவோம். பின்னதைக் கண்டால் தட்டெடுத்து வைப்பதே நம் கடமை. உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் செய்ததும் அதுதானே! இரவெல்லாம் வலை வீசிக் களைத்த சீடர்களுக்கு, விடியற்காலையில் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து உண்ண அழைத்தார். தம்மை மறுதலித்த பேதுருவிடம் அவர் வினவத் தொடங்கியதும், அவர்கள் உண்டு முடித்த பின்னரே என்று யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் கூறுகிறது. முதலில் உணவு, பிறகே கேள்வி. ஆசிரியனாகிய நான் இத்தனை காலம் வரிசையை மாற்றியல்லவா நடந்திருக்கிறேன்!

பெற்றோரே, பெரிய செலவோ பெரிய திட்டமோ நான் கேட்கவில்லை. நாளை காலை உங்கள் மகனோ மகளோ புறப்படும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். "சாப்பிட்டேன்" என்பது நம் பிள்ளைகள் நமக்காகச் சொல்லும் பொய்களுள் மிக எளிதானது. அருகில் அமர்ந்து பாருங்கள். வேலை முழுவதையும் தாயின் தலையில் சுமத்தாதீர்கள். தந்தைக்கும் தமையனுக்கும் கைகள் உண்டு.

எங்கள் வீட்டில் இப்போது ஐந்து மணிக்கு எழுபவன் நான். இரவு நீரூற்றிய சோற்றைப் பிசைந்து, மோர் விட்டு, வெங்காயம் உரித்து வைப்பது என் வேலை. முதல் நாள் உப்பு மிகுந்துவிட்டது. மகள் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் தாயையும் கையைப் பிடித்து இழுத்து அருகில் உட்காரவைத்தாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று நான்தான் அவசரப்படுத்தினேன். "இருங்கப்பா, அம்மா இன்னும் முடிக்கவில்லை" என்றாள் அவள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வெங்காயத்தின் காரத்தில் கண் கலங்கியதென்று சொல்லிக்கொண்டேன்.